ஞாயிறு பார்த்தவர்கள் – 9: குருணை

கிரகணம் என்றால் திருமலையில் கதவைச் சாத்திவிடுவார்கள். நாற்பது கிலோமீட்டருக்குள் இருக்கிற ஸ்ரீகாளஹஸ்தியில் அன்றைக்குத்தான் கூட்டம் அதிகம். ராகு-கேது பரிகாரத் தலம் அல்லவா, பாம்பு சூரியனை விழுங்கும் நேரத்தில் அந்தக் கோயிலின் நடை திறந்தே இருக்கும். 2019 டிசம்பர் 26 காலையிலும் அப்படித்தான். மேலே ஏழுமலையான் சன்னிதி அடைத்திருக்க, கீழே காளஹஸ்திக்கு பஸ் பிடிக்க ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். கோயம்புத்தூரிலும் திண்டுக்கல்லிலும் சூரியன் வளையமாகத் தெரிந்தது. எங்கள் சித்தூருக்கு வந்தது கடித்து வைத்த தோசை மாதிரி ஒரு சூரியன்.

நான் மொட்டை மாடியில் இருந்தேன். நாலு அங்குல லென்ஸ் போட்ட டெலஸ்கோப், அதன் முன்வாயில் இறுக்கிக் கட்டிய சூரிய ஃபில்டர், பின்னால் ஒரு சின்னக் கேமரா. கிரகணப் படம் நன்றாகவே வந்தது, அதில் பெரிய கஷ்டம் எதுவும் இல்லை. 11 மணிக்குச் சந்திரன் விலகப்போகும் நேரம் எனக்கு ஒரு ஆசை வந்தது. இதே சூரியனை இன்னும் பெரிதாக்கி, மேற்பரப்பை மட்டும் எடுத்தால் என்ன? மூன்று மடங்கு பெருக்கும் பார்லோ லென்ஸைச் செருகினேன். திரையில் பார்த்தால் அடுப்பில் கஞ்சி கொதிக்கிறது. விளிம்பு ஆடுகிறது, உள்ளே எல்லாம் அலையலையாக ஓடுகிறது. ஒரு மணி நேரம் எடுத்ததில் ஒன்றும் தேறவில்லை. கரும்புள்ளி என்று சொல்லும்படியாகவும் அன்றைக்கு எதுவும் இல்லை. பதினோரு ஆண்டுச் சுழற்சியில் சூரியன் மிக அடங்கிக் கிடந்த மாதம் அது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

தோற்றுப்போன அந்த ஒரு மணி நேரத்திலிருந்துதான் இந்தத் தொடரை எழுதும் எண்ணமே எனக்கு வந்தது. சென்ற இதழில் 1868 ஆகஸ்ட் 18 அன்று குண்டூரில் ழான்சென் என்ற பிரெஞ்சுக்காரர் சூரியச் சுவாலைகளைக் கண்டதையும், மறுநாள் கிரகணமே இல்லாமல் அவற்றைத் திரும்பக் கண்டதையும் பார்த்தோம். குண்டூரில் நின்ற அதே மனிதரிடம் இந்த வாரமும் போகப்போகிறோம். அதற்கு முன்னால் எங்கள் மாவட்டத்தின் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் இந்த நாட்டில் சூரியனை ஏன் தினந்தோறும் படமெடுக்க ஆரம்பித்தார்கள் என்பது விளங்காது.

என் ஆயா கஞ்சி காய்ச்சும்போது கீழே ஒரு மணி நொய் சிந்தினாலும் விரலால் தொட்டு எடுத்துப் பானையில் போடுவாள். "தாது வருசத்துல இதுவும் கெடைக்கலடா" என்பாள். தாது வருஷம் அவள் பிறப்பதற்கு வெகு முன்னால் வந்துபோனது. அவளுடைய பாட்டி சொன்னதை அவள் சொன்னாள். 1876-இல் பருவமழை பொய்த்தது, அடுத்த ஆண்டும் பொய்த்தது. அன்று சித்தூர் தனி மாவட்டம் கிடையாது. வட ஆற்காடு ஜில்லாவின் தலைநகரம் அது. திருப்பதியும் அதே ஜில்லாதான். 1911-இல்தான் சித்தூர் பிரிந்து தனி மாவட்டமானது, வட ஆற்காட்டுக்கு வேலூர் தலைநகரமானது. ஆகவே தாது வருஷத்தில் திருப்பதிக்காரரும் வேலூர்க்காரரும் ஒரே கலெக்டர் கச்சேரியைத்தான் பார்த்து நின்றார்கள்.

பஞ்ச நிவாரண வேலைக்குப் போன ஆண் ஒருவருக்கு ஒரு நாள் கூலியாக ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று, பஞ்ச நிலைமையைக் கவனிக்க அரசாங்கம் அனுப்பிய சர் ரிச்சர்டு டெம்பிள் கணக்குப் போட்டார். ஒரு ராத்தல் என்பது அரை கிலோவுக்கும் குறைவு. அதை வாங்கிக்கொண்டு நாள் முழுக்க மண் வெட்ட வேண்டும். சென்னையில் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி அப்படி வெட்டப்பட்டதுதான். ஆங்கிலேயர் ஆண்ட பகுதிகளில் மட்டும் 50 லட்சம் பேருக்கு மேல் மாண்டார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அதே ஆண்டுகளில் இந்தியத் துறைமுகங்களிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது.

இந்தச் சாவுகளுக்கு நடுவே அரசாங்கத்தின் புள்ளிவிவரத் துறைத் தலைவர் டபிள்யூ. டபிள்யூ. ஹண்டர் சென்னையின் மழைக் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு சூரியனைப் பார்த்தார். சூரியனில் கரும்புள்ளிகள் பதினோரு ஆண்டுக்கொரு முறை பெருகிக் குறையும் என்பது அதற்கு முன்பே தெரிந்திருந்தது. ஜெர்மனியில் டெஸ்ஸாவ் ஊரின் மருந்துக் கடைக்காரர் ஷ்வாபே 1843-இல் கண்டு சொன்னது அது. அவரும் ஓர் அமெச்சூர்தான். புள்ளி குறைந்த ஆண்டுகளில் சென்னையில் மழையும் குறைகிறது என்று ஹண்டர் வாதாடினார். வானியலாளர் நார்மன் லாக்கியரும் அவரும் சேர்ந்து 1877-இல் சூரியப் புள்ளிகளையும் பஞ்சங்களையும் இணைத்து லண்டன் இதழ் ஒன்றில் கட்டுரை எழுதினார்கள். உண்மையிலேயே அந்த ஆண்டுகளில் சூரிய முகத்தில் புள்ளி அரிதாகத்தான் இருந்தது. 1878-இன் கடைசியில் சுழற்சி அடிமட்டத்தைத் தொட்டது.

விளைவு, 1878-இல் டேராடூனில் சர்வே துறையினர் வானம் தெளிவாயிருந்த ஒவ்வொரு நாளும் சூரியனைப் படமெடுக்கத் தொடங்கினார்கள். மழைக்கும் சூரியனுக்கும் உள்ள தொடர்பை ஆராய மலை மேல் ஒரு சூரிய ஆய்வகம் வேண்டும் என்ற பேச்சும் வலுத்தது. 1893-இல் கெல்வின் பிரபு தலைமையிலான குழு லண்டனில் கூடிக் கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்ததற்கும் வேர் இந்தப் பஞ்சங்களில்தான் இருக்கிறது.

ஹண்டரின் கணக்கு பின்னால் நிற்கவில்லை. அந்தப் பஞ்சத்தின் மழைக்குறைவுக்குப் பசிபிக் கடலில் எழுந்த கடுமையான எல் நினோவைத்தான் இன்று காரணம் காட்டுகிறார்கள். மழை ஏன் பெய்யவில்லை என்று கேட்டவர்கள், துறைமுகத்தில் கிடந்த தானியம் ஏன் வட ஆற்காட்டுக்கு வரவில்லை என்று அதே ஊக்கத்தோடு கேட்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஆனாலும் அந்தத் தப்புக் கணக்கால் பிறந்த படங்கள் நமக்குச் சொத்தாக மிஞ்சின.

இனி நொய்க்கு வருவோம். வேண்டுமென்றேதான் அந்தச் சொல்லை மேலே போட்டு வைத்தேன்.

1860-களில் இங்கிலாந்தில் ஒரு பெரிய சண்டை நடந்தது. சூரியனை மிகப் பெரிதாக்கிப் பார்த்தால் மேற்பரப்பில் என்ன தெரிகிறது என்பதுதான் வழக்கு. நீராவிச் சம்மட்டியால் பேர் பெற்ற பொறியாளர் ஜேம்ஸ் நாஸ்மித், தொழிலை விட்டு ஓய்ந்தபின் தன் டெலஸ்கோப்பில் பார்த்துவிட்டு, வில்லோ மரத்து இலைகளைப் பரப்பி வைத்தாற்போல் நீள நீளமாக இருக்கின்றன என்றார். கிரீன்விச்சில் வேலை பார்த்த ஸ்டோன், இலை ஒன்றும் இல்லை, அரிசி மணிகள் என்றார். கூர்மையான கண்ணுக்குப் பேர் போன டாவ்ஸ் பாதிரியார் இரண்டையும் ஒப்பவில்லை. உருவம் இன்னதென்று சொல்ல முடியாத மணிகள், அவ்வளவே என்று ஒரு பொதுப்பெயரை வைத்தார். டாவ்ஸ் வைத்த பெயரே இன்றும் ஆங்கிலத்தில் நிற்கிறது. தமிழில் எழுதும் எனக்கு அதைக் குருணை என்று சொல்லத் தோன்றுகிறது. முழு அரிசி போல் ஒரே வடிவமாய் இல்லாமல், உடைந்து, கோணல்மாணலாய், ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கிடப்பது குருணைதானே. ஆயா விரலால் தொட்டு எடுத்தது.

மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. கண்ணால் பார்த்ததைக் கையால் வரைந்தார்கள். ஒரு நொடி தெளிந்து மறு நொடி கலங்கும் காட்சியை மனதில் பிடித்து வரையும்போது அவரவர் மனதும் படத்தில் சேர்ந்துகொள்கிறது. வழக்கைத் தீர்க்க ஒரு தகடு தேவைப்பட்டது.

சூரியனைத் தகட்டில் பிடிப்பது அப்போது புதிதல்ல. 1845 ஏப்ரல் 2 அன்று பாரிஸில் ஃபிஸோவும் ஃபூக்கோவும் முதல் படத்தை எடுத்துவிட்டார்கள், அதில் புள்ளிகள் தெரிந்தன. லண்டனில் காகிதத் தொழில் நடத்திய வாரன் டெலா ரூ, சூரியனை அன்றாடம் படமெடுப்பதற்கென்றே ஒரு கருவியை வடிவமைத்து, 1858 முதல் கியூ ஆய்வகத்தில் வேலை செய்ய வைத்தார். வட்டம் வந்தது, புள்ளி வந்தது. குருணை மட்டும் வரவில்லை.

அதைத் தகட்டில் கொண்டுவந்தவர் நம் குண்டூர் ழான்சென். இந்தியாவிலிருந்து திரும்பிய அவருக்குப் பாரிஸ் அருகே மியூதோன் குன்றில் ஆய்வகம் ஒன்று கிடைத்தது. 1877-78 வாக்கில் அங்கே அவர் எடுத்த படங்களில் சூரியன் 30 சென்டிமீட்டர் அகலம், ஒரு சாப்பாட்டுத் தட்டை விடப் பெரியது. அதன் முகமெங்கும் குருணை. லென்ஸ் எவ்வளவு பெரிது என்று நினைக்கிறீர்கள்? வெறும் 13.5 சென்டிமீட்டர். இன்றைக்கு ஒரு பள்ளி ஆசிரியர் சில வருஷம் சீட்டுக் கட்டிச் சேமித்தால் வாங்கிவிடக்கூடிய அளவு. பெரிய லென்ஸ் வைத்திருந்த எத்தனையோ பேர் தோற்ற இடத்தில் அவர் ஜெயித்தது இரண்டு காரியங்களால். முதலாவது வேகம். நொடியில் 3000-இல் ஒரு பங்கு நேரம் மட்டும் ஒளியை உள்ளே விட்டார். காற்று ஆடுவதற்குள் கதவு மூடிவிடும். இரண்டாவது நிறம். அந்தக் காலத்து ஈரக் கொலோடியன் தகடு நீலமும் ஊதாவுமான ஒளிக்கே அதிகம் மசியும். குறுகிய அலைநீளத்தில் லென்ஸின் கூர்மை கூடும், குருணைக்கும் அதன் இடுக்குக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடும் கூடும். இருந்த தகட்டின் குறையையே அவர் கருவியாக்கிக்கொண்டார்.

அவர் செய்த தவறு ஒன்றும் உண்டு. எனக்கு அந்தத் தவறும் பிடிக்கும். தன் படங்களில் சில இடம் கூர்மையாகவும் சில இடம் குழம்பியும் ஒரு வலை போலத் தெரிவதைக் கண்டு, அது சூரியனின் மேற்பரப்பிலேயே உள்ள வலைப்பின்னல் என்று நம்பினார். அது நம் காற்றின் கோலம் என்பது பிற்பாடுதான் தெளிவானது. சூரியனைப் படமெடுத்தவர், அவரை அறியாமலேயே மியூதோன் குன்றின் மேல் நின்ற காற்றையும் சேர்த்துப் படமெடுத்திருந்தார். அந்தப் படங்களைத் தொகுத்த அவருடைய சூரிய அட்லஸ் 1903-இல் வெளிவந்தது.

இங்கே கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இது சுலபம். ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை. சென்னை வானாய்வகத்தில் சாதாரண உதவியாளாகச் சேர்ந்து தலைமை உதவியாளராக உயர்ந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி பஞ்சாங்கக் குடும்பத்தில் வந்தவர். 1868 கிரகணத்தை வனபர்த்தியிலிருந்து பார்த்தவர். 1874-இல் வெள்ளி சூரியனைக் கடந்ததை நாட்டு மொழிகளில் விளக்கி நூல் எழுதியவர். கலையும் விகலையும் அவருக்குத் தாய்ப்பால். வானத்தில் சூரியனின் அகலம் சுமார் 32 கலை. அந்த வட்டில் ஒரு விகலை என்பது அங்கே சூரியனில் ஏறக்குறைய 725 கிலோமீட்டர். ஒரு குருணையின் சராசரி அகலம் 1000 கிலோமீட்டர், அதாவது ஒன்றரை விகலைக்கும் குறைவு. சென்னையிலிருந்து நாக்பூர் வரைக்குமான தூரம் ஒரே ஒரு மணிக்குள் அடங்கிவிடும். அடியிலிருந்து சூடான வாயு மேலெழுந்து, பரந்து, குளிர்ந்து, ஓரத்து இருட்டு இடுக்குகள் வழியாகக் கீழே இறங்குகிறது. ஒரு குருணையின் ஆயுள் பெரும்பாலும் இருபது நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். கஞ்சி கொதிக்கிறது என்று அன்று நான் சொன்னதில் பாதி உண்மை இருந்திருக்கிறது. ஆனால் என் திரையில் கொதித்தது சூரியன் இல்லை, என் மாடியின் சிமெண்டுத் தளம்.

13.5 சென்டிமீட்டர் லென்ஸால் ஒரு விகலை இடைவெளியைப் பிரித்துக் காட்ட முடியும். நாலு அங்குல லென்ஸுக்கு அது கிட்டத்தட்ட ஒன்றேகால் முதல் ஒன்றரை விகலை. ஆகவே என் டெலஸ்கோப்பாலும் குருணையைத் தொட்டுவிட முடியும், விளிம்பளவில். முட்டுக்கட்டை காற்று. பகலில் தரை சூடாகி, சூட்டுக் காற்றும் குளிர்காற்றும் கலந்து குமுறும். தார்ச்சாலையில் கானல் ஆடுகிறதே, அதைத் தலைக்கு மேல் பல கிலோமீட்டர் உயரத்துக்கு அடுக்கிப் பாருங்கள். அமெச்சூர்கள் தங்களுக்குள் இதைச் 'சீயிங்' என்ற ஒரு சொல்லில் முடித்துக்கொள்வார்கள். "இன்னைக்கு சீயிங் எப்படி?" என்று கேட்டால் குடும்ப நலம் விசாரிக்கிற மாதிரி.

காற்றை மதித்த ஒருவரைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். ஜான் எவர்ஷெட் லண்டனில் இரசாயனத் தொழில் சார்ந்த வேலை பார்த்துக்கொண்டே, கென்லி என்ற இடத்தில் சொந்தமாக ஆய்வகம் வைத்துச் சூரியச் சுவாலைகளைக் கவனித்து வந்தவர். பட்டம் பதவி எதுவும் இல்லை. 1898 ஜனவரி 22 கிரகணத்துக்கு பிரிட்டிஷ் அமெச்சூர் சங்கத்தாருடன் இந்தியாவுக்கு வந்தார், மத்திய இந்தியாவில் தல்னி என்ற ஊரில் முகாமிட்டார். எட்டு ஒன்பது ஆண்டு கழித்து, 1907-இல், மனைவி மேரியுடன் கொடைக்கானலுக்கே வேலைக்கு வந்துசேர்ந்தார். மேரியும் சூரிய ஆய்வாளர்தான், தாந்தேயின் காவியத்தில் வரும் வானியலைப் பற்றிப் புத்தகம் எழுதியவர்.

கொடைக்கானல் ஆய்வகம் பழனி மலையில் 2343 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1899 ஏப்ரல் முதல் தேதி சென்னை ஆய்வகத்தின் பணி அங்கே மாறியது, மைக்கி ஸ்மித் அதன் முதல் இயக்குநர். 1904 முதல் அங்கே வெள்ளொளிப் படங்கள் தவறாமல் எடுக்கப்பட்டு வருகின்றன. கால்சியம் ஒளியில் எடுத்த படங்களும் அதே காலத்தில் தொடங்கின, ஹைட்ரஜன் சிவப்பொளியில் 1912 முதல். நூறு ஆண்டைத் தாண்டிய இந்த வரிசைக்கு உலகில் ஈடு வெகு சிலவே. இன்று கணினியில் ஏற்றி உலகத்துக்கே திறந்து வைத்திருக்கிறார்கள். பஞ்சத்துக்குக் காரணம் தேடி ஆரம்பித்த வேலை, சூரியச் சுழற்சிகளை ஒப்பிட விரும்பும் எந்த ஆராய்ச்சியாளரும் திறந்து பார்க்கிற பெட்டகமாகிவிட்டது.

1909 ஜனவரி 5 காலை. கொடைக்கானலில் காற்று அபூர்வமாக அடங்கியிருந்தது. எவர்ஷெட் பெரிய சூரியப் புள்ளிகளின் நிறமாலையைத் தகட்டில் பிடித்தார். கழுவிப் பார்த்தபோது கோடுகள் நேராக இல்லாமல் புள்ளியின் ஓர் ஓரத்தில் சிவப்புப் பக்கமும் மறு ஓரத்தில் ஊதாப் பக்கமும் சாய்ந்திருந்தன. புள்ளியின் நடுக்கருப்பிலிருந்து வெளிப்புறச் சாம்பல் வளையத்தை நோக்கி வாயு வேகமாக வழிந்தோடுகிறது என்பது அதன் பொருள். புள்ளி என்பது சுழல் காற்று என்றுதான் அன்று பலர் எதிர்பார்த்திருந்தார்கள். உலகெங்கும் பாடப்புத்தகத்தில் எவர்ஷெட் விளைவு என்று வருவது நம் பழனி மலையில் ஒரு காலைப் பொழுதில் கிடைத்தது. சலனமுள்ள காற்றில் அந்தச் சாய்வு குழம்பி மறைந்திருக்கும்.

அவருக்குக் காற்றின் மேல் அப்படி ஒரு கவனம். கொடைக்கானலில் சூரியன் எழுந்து கொஞ்ச நேரத்துக்குத்தான் படம் கூர்மையாக நிற்கும் என்று கண்டார். 1915-இல் காஷ்மீர்ப் பள்ளத்தாக்குக்குக் கருவிகளைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே காற்று எப்படி என்று சோதித்தார். அங்குள்ள நிதானம் அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. தண்ணீர் சூழ்ந்த இடத்தில் தரை சீக்கிரம் சூடாவதில்லை. 1970-களில் உதயபூரில் ஃபதே சாகர் ஏரியின் நடுவே ஒரு தீவில் சூரிய ஆய்வகம் அமைத்ததற்கும் காரணம் அதுதான். கொடைக்கானலிலேயே 1960 வாக்கில் 60 மீட்டர் நீளத்துக்கு நிலத்தடியில் சுரங்கம் வெட்டி, கோபுர உச்சியிலிருந்து ஒளியை இறக்கி, அதன் வழியே செலுத்தினார்கள். 34 சென்டிமீட்டர் அகலச் சூரியன் அங்கே விழுகிறது. அந்தச் சுரங்கத்துக்குள் காற்று தூங்குகிறது.

எவர்ஷெட் 1923-இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். போனவர் சும்மா இருக்கவில்லை. யூஹர்ஸ்ட் கிராமத்தில் மறுபடி சொந்த ஆய்வகம், மறுபடி சூரியன், முதுமை வரைக்கும். அமெச்சூராகத் தொடங்கி அமெச்சூராகவே முடித்தார் என்றுதான் நான் அவரை நினைத்துக்கொள்கிறேன். நடுவில் பதினாறு ஆண்டு நம்மிடம் சம்பளம் வாங்கினார்.

இன்றைக்கு மொட்டை மாடியில் நின்று குருணை பிடிக்கிறவர் என்ன செய்கிறார்? ழான்சென் செய்ததையே, ஆயிரம் மடங்கு. அவரே 1874 வெள்ளிக் கடப்புக்காக 72 நொடியில் 48 படம் எடுக்கும் சுழல் துப்பாக்கி போன்ற ஒரு கேமராவைச் செய்தவர். இப்போதைய சின்னக் கேமராக்கள் நொடிக்கு நூறு படத்துக்கு மேல் எடுக்கின்றன. அரை நிமிஷத்தில் ஐயாயிரம் படம். அதில் பெரும்பாலானவை பதர். காற்று கண் சிமிட்டும் நேரம் அடங்கிய சில நூறு படங்களில் மட்டும் குருணை நிற்கும். மென்பொருள் அவற்றைப் புடைத்து எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சேர்க்கும். எங்கள் வீட்டு முறம் செய்யும் வேலை. ஒரு மீட்டர் குவிய நீளத்துக்குச் சூரியன் 9 மில்லிமீட்டர் அளவில் விழும். என் டெலஸ்கோப்புக்கு 700 மில்லிமீட்டர். பார்லோ போட்டால் இரண்டு மீட்டருக்கு மேல் நீண்டு, சூரியன் 2 சென்டிமீட்டர் அகலமாகிறது. கேமராவின் சில்லோ ஒரு விரல் நகம் அளவு. ஆகவே முழு வட்டம் கிடைக்காது, ஒரு துண்டுதான். அதற்கு மேல் பெரிதாக்கினால் பெரிதாவது மங்கல் மட்டுமே.

ஒரு எச்சரிக்கையை இங்கே நிறுத்திச் சொல்கிறேன். ஃபில்டர் டெலஸ்கோப்பின் முன்வாயில் இருக்க வேண்டும், ஒளியை லட்சத்தில் ஒரு பங்காகக் குறைப்பதாக இருக்க வேண்டும். ஐபீஸில் திருகும் குட்டி ஃபில்டர் குவிந்த சூட்டில் வெடிக்கும், பார்வை அந்த நொடியே போகும். எக்ஸ்ரே ஃபிலிம், புகை பிடித்த கண்ணாடி எதுவும் உதவாது. சின்ன வயதில் எங்கள் வீட்டில் கிரகணத்தன்று ஊறுகாய் ஜாடிக்குத் தர்ப்பை போடுவார்கள், தாம்பாளத்தில் உலக்கையை நிறுத்துவார்கள், மஞ்சள் கரைத்த தண்ணீரில் சூரியனைப் பார்க்கச் சொல்வார்கள். தண்ணீரிலிருந்து வரும் ஒளியும் உற்றுப் பார்க்கத் தக்கதல்ல. பிள்ளைகளுக்கு அட்டையில் ஊசித்துளை போட்டுச் சுவரில் விழவைத்துக் காட்டுங்கள். ஹைட்ரஜன் சிவப்பொளி மட்டும் கடந்து வரும் தனி டெலஸ்கோப்புகளும் உண்டு, ஒரு மோட்டார் சைக்கிள் விலை ஆகும். குண்டூரில் ழான்சென் பட்ட பாட்டையெல்லாம் ஒரு குழாய்க்குள் அடக்கி, விளிம்பில் எழும் சுவாலையை எந்த நாளிலும் அது காட்டும்.

திருப்பதியிலிருந்து சித்தூர் வரும் சாலையில் காதங்கி என்றொரு ஊர். அங்கே தேசிய வளிமண்டல ஆய்வகத்தின் ராடார் இருக்கிறது. 1024 ஆன்டெனாக்கள், வானத்தைப் பார்த்து வரிசை வரிசையாக நட்ட கொம்புகள் மாதிரி. 53 மெகாஹெர்ட்ஸ் அலையை மேலே அனுப்பி, காற்றின் கொந்தளிப்பிலிருந்து திரும்பும் மெல்லிய எதிரொலியைக் கேட்டு, எந்த உயரத்தில் காற்று எப்படி ஓடுகிறது என்று அளக்கிறார்கள். நம் படத்தைக் குலைக்கும் அதே குமுறல்தான் அவர்களுக்கு விளைச்சல். அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் ழான்செனின் வலைப்பின்னல் நினைவுக்கு வரும்.

காற்றே இல்லாத இடத்துக்குப் போவதுதான் கடைசி வழி. 1957-இல் அமெரிக்காவில் மார்ட்டின் ஷ்வார்ஸ்சைல்டு 12 அங்குல டெலஸ்கோப்பைப் பலூனில் கட்டி 24 கிலோமீட்டர் உயரம் அனுப்பினார். குருணைகள் அதுவரை யாரும் காணாத கூர்மையில் கிடைத்தன. நம் ஆதித்யா-எல்1 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. 2022-இல் மாவட்ட எல்லைகளைத் திருத்தியபோது ஸ்ரீஹரிகோட்டா திருப்பதி மாவட்டத்துக்குள் வந்துவிட்டது, அதனால் அந்த விண்கலம் எங்கள் பக்கத்துப் பிள்ளை. 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று, அதிலுள்ள சூட் என்ற டெலஸ்கோப் புற ஊதா ஒளியில் முழுச் சூரியனையும் படமெடுக்கிறது. அதன் வாய் அகலம் 14 சென்டிமீட்டர். ழான்சென் லென்ஸை விட அரை சென்டிமீட்டர் அதிகம்.

2024 மே மாதம். கத்திரி வெயில். பூமியைப் போல் பதினைந்து மடங்கு அகலத்துக்குப் பரந்த ஒரு கரும்புள்ளிக் கூட்டம் சூரியனில் கிளம்பியிருந்தது. மே 10, 11 தேதிகளில் அது கிளப்பிய காந்தப் புயலால் லடாக்கின் ஹான்லேயில்கூட வானம் சிவந்தது. அப்போது எனக்கு மாடி வேண்டாம் என்று புரிந்திருந்தது. விடியுமுன் டெலஸ்கோப்பை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே ஏரிக்கரைக்குப் போனேன். கோடையிலும் நடுவில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது, சூரியன் அதன் மேலாகத்தான் ஏற வேண்டும். ஏழு மணிக்கு விளிம்பு ஆடியது. ஏழே காலுக்குச் சட்டென்று நின்றது. புள்ளியின் நடுக்கருப்பு, அதைச் சுற்றி வாழை நார் கிழித்துப் போட்டாற்போல் சாம்பல் இழைகள், எவர்ஷெட்டின் வாயு வழிந்தோடும் இழைகள், அவற்றுக்கு வெளியே எங்கு பார்த்தாலும் குருணை. இரண்டு மூச்சு நேரம் இருக்கும். மறுபடி கலங்கி, மறுபடி தெளிந்தது. ஆடு ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "என்னப்பா, நொய்யா?" என்றார்.

"சூரியன் தாத்தா" என்றேன்.

அவர் நிமிர்ந்து கிழக்கே பார்க்கப் போனார், கையைப் பிடித்துத் தடுத்துத் திரையையே காட்டினேன். ஏழே முக்காலுக்கு ஏரியின் காய்ந்த பகுதியிலிருந்து சூடு எழும்பத் தொடங்கியது. அதற்கு மேல் எடுத்த படம் எதுவும் தேறவில்லை.

(தொடரும்)